செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பெரியவர்களுக்கும், ஆச்சிமார்களுக்கும், உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு ஆறு முறை கூடியது. பொங்கல் கோலப் போட்டி நடந்தது. ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறைக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றோம். மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

பழங்கட்டடங்களைப் பார்க்கப் போன சென்னைப் பயணத்தைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். "காரைக்குடியின் ஆயிரம் ஜன்னல் வீட்டை ஊருக்குள்ளேயே வைத்துக்கொண்டு சென்னைக்குப் போய்க் கட்டடம் பார்ப்பானேன்?" என்று செயற்குழுவிலேயே கேள்வி எழுந்தது. அதற்கு என் பதில் இது: நம் வளவு வீடுகள் நிற்பது கெட்டியான செம்புறாங்கல் தரையில். 'கிர்க்' எனப்படும் எழும்பூர் புனித ஆண்ட்ரூ தேவாலயம் நிற்பதோ நீர் ஊறும் இளகிய மண்ணில். 1818இல் வேலை தொடங்கியபோது, பொறியாளர் டி ஹாவிலண்ட் வட்டக் கிணறுகளை அடித்தளமாக வரிசையாக இறக்கி, அவற்றின் மேல் கட்டடத்தை ஏற்றினார். 1821இல் திறந்த அந்தக் கோயிலின் 16 தூண்களும், அவை தாங்கும் வட்டக் குவிமாடமும், அதன் உட்புறத்து நீல வானமும் விண்மீன்களும் இன்றும் நிற்கின்றன. எழும்பூர் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். நிலையத்தில் இறங்கி ஏறும் நம்மவர் பலர் அதைத் திரும்பிப் பார்த்ததே இல்லை.

இனிப் போகிறவர்களுக்குப் பயன்பட, பயண வரிசையைப் பதிவு செய்கிறேன். சனிக்கிழமை பல்லவன் ரயிலில் போனால் எழும்பூர் சேர நண்பகல் தாண்டிவிடும். சாப்பிட்டதும் பாந்தியன் சாலைக்குப் போய்விட வேண்டும். அங்குள்ள அரசு அருங்காட்சியகம் மாலை 5 மணிக்குச் சாத்தப்படும், வெள்ளிக்கிழமை விடுமுறை. அதே வளாகத்தில் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகத்தின் பழைய மண்டபமும், செந்நிறக் கல்லில் எழுப்பிய விக்டோரியா நினைவு மண்டபமும் இருக்கின்றன. இரண்டும் ஹென்றி இர்வின் வரைந்து, நம்பெருமாள் செட்டியார் கட்டியவை. பெயரைக் கேட்டதும் பலர் மகிழ்ந்தனர். அவர் நம் நகரத்தார் சமூகத்தவர் அல்லர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு காலை முதலில் ஆர்மேனியன் தெரு. மற்ற நாளில் கால் வைக்க இடமிராது. அங்குள்ள ஆர்மேனியத் தேவாலயம் 1772இல் எழுந்தது; ஆறு மணிகள் தொங்கும் கோபுரம் தனியே நிற்கும். உலகின் முதல் ஆர்மேனிய இதழை 1794இல் சென்னையிலிருந்து வெளியிட்ட ஷ்மாவோனியனின் கல்லறையும் அங்கேதான். பிற்பகலில் பூட்டிவிடுவார்கள், தள்ளிப்போடக் கூடாது. அடுத்து புனித ஜார்ஜ் கோட்டைக்குள் 1680இல் அர்ப்பணிக்கப்பட்ட புனித மேரி தேவாலயம். குண்டு விழுந்தாலும் தாங்குமாறு கூரையை வளைவாகக் கட்டியிருக்கிறார்கள். கோட்டை வாசலில் சோதனை உண்டு, அடையாள அட்டை வேண்டும். கிர்க்கில் காலை ஆராதனை முடிந்த பிறகே சுற்றிப் பார்ப்பது மரியாதை. அதைக் கடைசியில் வைத்தால் நிலையம் பக்கம்; பிற்பகல் பல்லவனைப் பிடித்துவிடலாம்.

எந்தப் பழங்கட்டடமானாலும் எல்லாரையும் சுவரின் அடிப்பாகத்தைப் பார்க்கச் சொன்னேன். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் ஒட்டுப் போட்டால், தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியின்றி அக்கம்பக்கத்துப் பழைய பூச்சை உப்பவைத்து உதிர்க்கும். வெள்ளைப்பூச்சின் மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தாலும் இதே கதிதான். நம் ஊர் வீடுகளில் இது நாள்தோறும் நடக்கிறது. நாம் சென்னைக்குப் போனதற்கு இந்த ஒரு பாடமே போதும்.

பெயர் கொடுத்தவர்கள் 38 பேர், வந்தவர்கள் 23 பேர். வராத 15 பேரில் நால்வரே முன்கூட்டிச் சொன்னார்கள். இருக்கைப் பட்டியல் தயாரான பின் உறுதியான டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது. அந்த இழப்பு பொதுநிதியில் விழுந்தது. வந்தவர்களின் சந்தாவில் வராதவர்களுக்கு டிக்கெட் எடுத்ததாக ஆகிவிட்டது. இது எனக்குத் தீராத வருத்தம்.

வரவும் செலவும் ஏறக்குறையச் சரியாக உள்ளன. சிறு கையிருப்பு வங்கியில் இருக்கிறது. விவரம் பொருளாளரிடம் உண்டு. இரண்டாண்டுச் சந்தா பாக்கி வைத்திருப்போர் பலர். பெயர்களை இங்கே படிக்கப் போவதில்லை.

தலைவருக்கும், இடம் தந்த வீட்டாருக்கும், சமையல் குழுவினருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு, 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையத்தையும், கட்டடக் கலைஞர் சிஷோம் வரைந்த சென்னைப் பல்கலைக்கழகச் செனட் மாளிகையையும் பார்க்க எண்ணம். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். முழுத் தொகை கட்டியவர்களுக்கு மட்டுமே டிக்கெட். ரசீதுப் புத்தகத்துடன் பொருளாளர் முகப்பில் அமர்ந்திருக்கிறார், பந்தி முடியும் வரை இருப்பார்.

செயலாளர்