வாஷ்பேசின் பக்கத்துத் துண்டு

அன்புள்ள மங்கை,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. கோபித்துக்கொள்ளாதே, வீடே ஆஸ்பத்திரியாகக் கிடந்தது. முதலில் பேரனுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. இரண்டாம் நாள் மருமகள். அடுத்த நாள் நானும் அவரும் ஜோடியாகப் படுத்தோம். இருப்பதோ ஒரே டாய்லெட். மீதியை நீயே நினைத்துக்கொள்.

பேரனுக்கு ஓ.ஆர்.எஸ்., 14 நாளைக்கு ஜிங்க் மாத்திரை என்று எழுதிக்கொடுத்த டாக்டரம்மா, போகிற போக்கில் கேட்டார்: "கை கழுவிட்டு எதுல துடைக்கிறீங்க?"

வாஷ்பேசின் பக்கத்தில் ஆணியில் தொங்குமே நீலத் துண்டு, பொங்கலுக்கு வந்தபோது நீயும் துடைத்தாயே, அதேதான். வாரத்துக்கு ஒருமுறைதான் துவைப்பேன். எப்போது தொட்டாலும் சொதசொதவென்று இருக்கும். பேரன் அரைகுறையாகக் கழுவிய கையை அதில் துடைப்பான். நாங்கள் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு அதே ஈரத்தில் போய் ஒற்றிக்கொண்டிருக்கிறோம். மகன் மட்டும் தப்பித்தான். அவனுக்குக் கையைச் சட்டையில் துடைக்கிற பழக்கம். அதற்காகச் சின்ன வயதில் எத்தனை அடி வாங்கியிருக்கிறான் தெரியுமா!

கொரோனா காலத்து சானிடைசரை எடுத்து வைத்தேன். நோரோவைரஸ் மாதிரி வயிற்றுக் கிருமிகளிடம் அதன் ஜம்பம் அவ்வளவாகப் பலிக்காதாம். சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான், 20 விநாடியாவது தேய்க்க வேண்டும். விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம்.

நான் செய்த இன்னொரு கூத்து: பிள்ளை வாந்தியெடுத்த இடத்தைத் துடைத்த மாப்பாலேயே கூடம், சமையலறை எல்லாவற்றையும் துடைத்துவிட்டேன். வீடு முழுக்க நானே பரிமாறியிருக்கிறேன்! இப்போது அதற்கென்று பழைய துணி, துடைத்ததும் குப்பைக்கு. பிறகு ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர். அதோடு ஆசிட் எதையும் சேர்த்துவிடாதே, விஷப்புகை கிளம்பும்.

வாந்தி, பேதி நின்றாலும் இரண்டு நாள் சமையல்கட்டுப் பக்கம் போகக் கூடாதாம். நான் மறுநாளே எழுந்து எல்லோருக்கும் தயிர்சாதம் பிசைந்து கொடுத்தவள். அதை டாக்டரம்மா சொன்னபோது மருமகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள் பார், ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் ஆச்சி ஞாபகம்தான் வருகிறது. அம்மை போட்டால் தனிப் பாய், தனித் தம்ளர், வாசலில் வேப்பிலை. வெளியாள் யாரும் உள்ளே வரமாட்டார்கள். கிருமி என்ற சொல்லே அவளுக்குத் தெரியாது.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சித்திரையில் வருவதாக எழுதியிருந்தாயே, வா. சுவரில் ஐந்து ஆணி அடித்து ஆளுக்கொரு துண்டு மாட்டியாகிவிட்டது. ஆறாவது ஆணி உனக்கு. துண்டு நீயே கொண்டுவா.

அன்புடன்,
காந்தி