நாள் குறித்துக் கொடுத்தவர்களுக்கு

காரைக்குடி

மதிப்பிற்குரிய அனைவருக்கும் வணக்கம்.

சிறுதொழில் செய்வோருக்கான பயிற்றுநராக நான் வேலை தொடங்கி இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. அதற்கு முன் மூன்று ஆண்டுகள் ஆயத்தத்திலேயே கழிந்ததை உங்களில் பலர் அறிவீர்கள். அந்த மூன்று ஆண்டுகளை முடித்துவைத்தவர்கள் நீங்கள் என்பதால் இந்த நன்றியை எல்லோரும் அறிய எழுதுகிறேன்.

சென்னையில் ஒரு நிறுவனத்தின் பணியாளர் பயிற்சிப் பிரிவில் பதினான்கு ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது, என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. பலகாரம் போடுகிறவர்கள், கண்டாங்கி நெய்கிறவர்கள், பனையோலைக் கொட்டான் முடைகிறவர்கள் எனக் கைத்தொழிலால் வாழ்கிறவர்களோடு தனித்தனியே உட்கார்ந்து, தொழில் எந்த இடத்தில் நின்றுபோயிருக்கிறது என்பதை அவர்களே கண்டுகொள்ளும்படி கேள்வி கேட்டு உடனிருப்பதே என் எண்ணம். இதற்கு ஆங்கிலத்தில் கோச்சிங் என்று பெயர்; ஆனால் கோச்சிங் என்றால் நம் ஊரில் நீட் அல்லது டிஎன்பிஎஸ்சி வகுப்பு என்றுதான் பொருள். ஆகவே என் வேலையை விளக்கும் ஒரு துண்டறிக்கையை எழுதித் திருத்தவே எட்டு மாதம் எடுத்துக்கொண்டேன். அதன்பின் பன்னிரண்டு வாரப் பாடத்திட்டம், இணையதளம், மேலும் இரண்டு சான்றிதழ் வகுப்புகள் என்று வேலை நீண்டது. ஒவ்வொன்றும் அவசியம் என்றே முழுமனத்தோடு நம்பினேன். எதிரில் ஒருவர் வந்து உட்காரும் நாளை அந்த வேலைகளைக் கொண்டு தள்ளிப்போடுகிறேன் என்பது எனக்கே தெரியவில்லை.

அதை முதலில் எனக்குக் காட்டியவர் மதுரையிலுள்ள என் வழிகாட்டி அம்மா. சான்றிதழ் கைக்கு வந்த பிறகே ஆட்களைச் சந்திப்பேன் என்று நான் சொன்னபோது, என்னைப் போன்ற பயிற்றுநர்களுக்குச் சான்று வழங்கும் இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷனின் முதல்நிலைச் சான்றுக்கான விதியை என்னையே வாய்விட்டு வாசிக்கச் சொன்னார். 60 மணி நேரப் படிப்போடு, 100 மணி நேரம் பிறருக்குப் பயிற்சி அளித்திருக்க வேண்டும். அதிலும் 75 மணி நேரம் கட்டணம் பெற்று அளித்ததாக இருக்க வேண்டும். படிப்பை நான் இருமடங்கு முடித்திருந்தேன். நூறு மணி நேரத்தில் ஒரு மணிகூடக் கணக்கில் இல்லை. நான் எதிர்பார்த்துக் காத்திருந்த சான்றிதழே, நான் தொடங்கியிருக்க வேண்டும் என்று கேட்டது.

ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத வரை என்னைப் போன்ற சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை என்றும், சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது என்றும் பத்து நிமிடத்தில் விளக்கி அனுப்பிய ஆடிட்டர் அவர்களுக்கும் நன்றி. அந்தப் பத்து நிமிடத்தை நான் ஓராண்டாகத் தேடாமலே இருந்தேன்.

அலுவலகத்துக்கு இடம் பார்த்துக்கொண்டே இருந்த என்னிடம், ஓய்வுபெற்ற பேராசிரியர் ஐயா 1947ஆம் ஆண்டைப் பற்றிச் சொன்னார். கல்லூரிகள் தொடங்க வள்ளல்கள் முன்வர வேண்டும் என்று சென்னைக் கூட்டமொன்றில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் கேட்டுக்கொள்ள, அந்த மேடையிலேயே சம்மதம் சொன்ன அழகப்பச் செட்டியார், சொந்தக் கட்டடம் எழும்பட்டும் என்று காத்திராமல் அதே ஆண்டில் காந்தி மாளிகையில் வகுப்புகளைத் தொடங்கிவிட்டார். அந்தக் கல்லூரியிலேயே படித்த நான் அதை அன்றுதான் எனக்குரிய செய்தியாகக் கேட்டேன். அன்று மாலையே இடம் தேடுவதை நிறுத்தினேன்.

இனி பக்கத்து வீட்டு ஆச்சி. அவர்களைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது. "உங்க ஐயாவைச் சின்ன வயசிலேயே பர்மா வட்டிக் கடையில வேலை பழகுற பெட்டியடிப் பையனா உக்கார வச்சாக. வட்டிக் கணக்கு பூராவும் படிச்சு முடிச்சுட்டா கப்பல் ஏறுனாக?" என்று கேட்டதோடு நில்லாமல், தம் வீட்டு முன்கூடமான பட்டாலையில் வியாழக்கிழமை பத்து மணிக்கு வரும்படி, மணகோலமும் சீப்புச்சீடையும் செய்து விற்கும் ஒரு சகோதரியிடம் என்னைக் கேளாமலே சொல்லிவிட்டார்கள். எனக்குக் கோபம்கூட வந்தது. புதன் இரவு முழுவதும் பாடத்திட்டத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அதில் ஒரு பக்கமும் தேவைப்படவில்லை. மாவுக்கும் எண்ணெய்க்கும் ஆன செலவை மட்டும் விலையாகச் சொல்லி வந்த அந்தச் சகோதரியிடம், நேற்று அடுப்படியில் எத்தனை மணி நேரம் நின்றீர்கள் என்று கேட்டேன். ஒன்பது என்றார். அந்த ஒன்பது மணி நேரம் விலையில் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டு, அவர் பேசும் வரை பேசாமல் இருந்தேன். கணக்கு அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. கல்யாணத்துக்குப் பலகாரம் கேட்கும் சொந்தக்காரர்களிடம் விலையைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. மீதி நேரம் முழுவதும், அதை எந்தச் சொற்களில் சொல்வது என்று அவரே சொல்லிப் பார்த்தார். இதை எந்தப் பாடத்திட்டத்தில் நான் எழுதியிருக்க முடியும்? என்னை நம்பி முதலில் வந்தமைக்கு அவருக்கு என் வணக்கம்.

ஆத்தங்குடியில் பூக்கல் என்னும் தரை ஓடு செய்யும் பட்டறை வைத்திருக்கும் அண்ணனுக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். கட்டணம் கேட்கத் தயங்கிய என் கையில் பணத்தைக் கொடுத்து ரசீது கேட்ட முதல் மனிதர் அவர். என் மூன்றாவது சந்திப்பு தமக்குப் பயன்படவில்லை என்று நேராகச் சொன்னவரும் அவரே. நான் வருந்தியபோது தம் பட்டறைக்கு அழைத்துப்போய்க் காட்டினார்: கண்ணாடியின்மேல் அச்சு வைத்துச் சாயக்கலவையை ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். பூ இருக்கும் முகம் முழு நேரமும் கண்ணாடிப் பக்கம் கவிழ்ந்தே இருக்கிறது. "கண்ணாடியை எடுத்தாத்தாம்மா பூ விழுந்த சீர் தெரியும். சரியில்லைன்னா அடுத்த கல்லுல சாயத்தை மாத்துவோம்," என்றார். நான்காவது சந்திப்பில் என் கேள்விகளைப் பாதியாகக் குறைத்தேன். அன்று அவர் இரண்டு மணி நேரம் பேசினார்.

இன்று வரை 64 மணி நேரம் ஆகியிருக்கிறது. அதில் 51 கட்டணத்தோடு. எல்லாம் ஆச்சி வீட்டுப் பட்டாலையிலேயே நடந்தது. ஒவ்வொரு முறையும் காப்பி கொடுத்துவிட்டு, நாங்கள் பேசுவது காதில் விழாதபடி வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டுக்குப் போய்விடும் ஆச்சிக்கு வாடகை கொடுக்க இருமுறை முயன்று தோற்றிருக்கிறேன். பலகாரச் சகோதரி தம் நாத்தனாரை வரும் வியாழக்கிழமை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அதே பத்து மணிதான், ஆச்சி.

என்றும் நன்றியுடன்,
உங்கள் வீட்டுப் பெண்