பட்டினி கிடக்கும் கரடியின் கணக்கு

ஃபேர்பேங்க்ஸ், அலாஸ்கா
பிப்ரவரி

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இந்தக் குளிரில் காட்டு விலங்குகள் செத்துப்போகாதா என்று கேட்டிருந்தீர்கள். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன். இங்கே மைனஸ் 40 வரை இறங்கும். செல்சியஸா பாரன்ஹீட்டா என்று கேட்க வேண்டாம், அந்தப் புள்ளியில் இரண்டும் ஒன்றுதான்.

கரடிக்குக் குளிரைவிட இரைதான் கவலை. நம் பாபநாசம் மலைக் கரடிக்கு வருஷம் பூராவும் கறையானோ பழமோ கிடைத்துவிடும், அதனால் அது முடங்குவதில்லை. இங்கே அக்டோபர் வந்தால் பழச் செடிகள் பனிக்கடியில் போய்விடும். அதற்கு முன்பே கருங்கரடி ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரை தின்று கொழுக்கும். பிறகு மரவேருக்கடியில் தன் உடம்பு சுருண்டு அடங்கும் அளவுக்கு மட்டும் பள்ளம் தோண்டி, புல்லும் சிறு கிளைகளும் பரப்பிப் படுத்துவிடும். பள்ளம் பெரிதானால் அதன் சூடே வீணாகும்.

அதோடு ஐந்தாறு மாதம் சாப்பாடில்லை, தண்ணீரில்லை, மலஜலமும் இல்லை. தண்ணீர் கொழுப்பிலிருந்தே கிடைக்கிறது: ஒரு கிலோ கொழுப்பு எரிந்தால் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாகவே நீர் உண்டாகும். கொஞ்சம் ஊறும் சிறுநீரையும் உடம்பே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. அதிலுள்ள யூரியாவைக் குடல் நுண்ணுயிரிகள் உடைக்க, அந்த நைட்ரஜன் மறுபடி புரதமாகிறது. மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தும் தசை பெரிதாகக் கரையாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். மனிதன் அப்படிக் கிடந்தால் எழுந்து நடக்கவே முடியாது.

இவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் ஐந்து கருங்கரடிகளைச் செயற்கைக் குகைகளில் வைத்து அளந்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். உடற்சூடு 30 முதல் 36 டிகிரி செல்சியஸுக்குள்தான் ஏறி இறங்கியது. ஆனால் எரிசக்திச் செலவு நான்கில் ஒரு பங்காகிவிட்டது. நிமிடத்துக்கு 55 முறை துடிக்கும் இதயம் 14க்கு இறங்கியது. மூச்சிழுக்கும்போது சில துடிப்பு, பிறகு நீண்ட இடைவெளி. வெளியே வந்த பிறகும் இரண்டு மூன்று வாரம் செலவு பாதி அளவிலேயே நின்றது. சூடு அதிகம் இறங்காததால் கரடி சட்டென்று எழுந்துவிடும். தூங்குகிறதென்று நம்பிக் குகைப்பக்கம் போகக் கூடாது என்று இங்கே சொல்வது இதனால்தான்.

குட்டி போடுவதும் இந்தப் பட்டினியில்தான். கோடையில் இணைசேர்ந்தாலும் கரு நவம்பர் வாக்கில்தான் கருப்பையில் ஒட்டும். தாயிடம் போதிய கொழுப்பு சேரவில்லையென்றால் கரு நிற்காது. ஜனவரியில் பிறக்கும் குட்டி அரைக் கிலோகூட இருக்காது.

என்னைக் கேட்டால் கரடியைவிட ஆர்க்டிக் தரை அணில்தான் ஆச்சரியம். குளிர்கால உறக்கத்தில் அதன் உடற்சூடு மைனஸ் 2.9 டிகிரி வரை இறங்குவதை 1989இல் கண்டறிந்தார்கள். பூஜ்யத்துக்குக் கீழே போயும் ரத்தம் உறையாது, உறைந்தால் சாவுதான். ஆனாலும் அதால் தொடர்ந்து அப்படியே கிடக்க முடியாது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 36 டிகிரிக்குச் சூடேறி, ஒரு நாளுக்குள் மறுபடி குளிர்ந்துவிடும். சில்லிட்டுப்போன ஆயில் இன்ஜினைக் கைப்பிடி போட்டுக் கிளப்புகிற வேலை அது. சேமிப்பில் பெரும்பங்கு இந்தச் சூடேற்றத்துக்கே போகிறது. முதலில் சூடுண்டாக்குவதற்கென்றே உள்ள பழுப்புக் கொழுப்பு எரியும், பிறகு நடுக்கம் கைகொடுக்கும். வௌவால்களும் இப்படித்தான். 2006இல் நியூயார்க் மாநிலத்துக் குகையொன்றில் முதலில் தெரிந்த வெண்மூக்குப் பூஞ்சை நோய் அவற்றை அடிக்கடி எழுப்பிவிடும். வசந்தம் வருமுன் கொழுப்பு தீர்ந்து கூட்டம் கூட்டமாகச் செத்தன.

காட்டுத் தவளை வேறு வழி போகிறது. சருகுக்கடியில் கிடந்து உறைந்தே போகும். உடல் நீரில் பாதிக்கு மேல் பனிக்கட்டி, இதயமும் நின்றுவிடும். கல்லீரல் கொட்டும் குளுக்கோஸ் செல்களுக்குள் பனி பிடிக்காமல் காக்கிறது. மைனஸ் 18 வரை தாங்கும். மேலே பனி போர்த்தியிருந்தால் சருகுக்கடியில் அவ்வளவு குளிராது. பனி குறைந்த வருஷம்தான் அதற்கு ஆபத்து.

சிக்கடி என்றொரு குருவி, பன்னிரண்டு கிராம்தான் இருக்கும். இடம்பெயராமல் இங்கேயே குளிர்காலத்தைக் கழிக்கிறது. ராத்திரி மட்டும் உடற்சூட்டைப் பத்து டிகிரி போல இறக்கிக்கொள்ளும். டிசம்பர் கடைசியில் பகல் நான்கு மணி நேரம்கூட இல்லை. அதற்குள் இரவுக்கான கொழுப்பைச் சேர்த்தாக வேண்டும். அதனால்தான் வீட்டுக்கு வீடு சூரியகாந்தி விதைத் தட்டு தொங்குகிறது. ஏப்ரலில் அதை இறக்கிவிட வேண்டும், அந்த வாசத்துக்குக் கரடி வந்துவிடும்.

அம்மாவின் மருந்துச் சீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்