கதிருக்கு: தாத்தாவை அடுத்த முறை பதிவு செய்யும் முன்

அன்புள்ள கதிர்,

பெங்களூரு அல்சூர் வீட்டில் நீ எடுத்த முதல் பதிவை முழுக்கக் கேட்டேன். "எப்படி இருந்தது தாத்தா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாய். அவரும் "நல்லா இருந்துச்சுப்பா" என்று ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். இப்படிப் பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். போர் விமானம் ஓட்டியவர்களுக்கு ஞாபகம் கையிலும் காலிலும் தங்கியிருக்கும். அங்கே போய்த் தேடு.

அடுத்த முறை சோபா வேண்டாம். கைப்பிடி இல்லாத சாப்பாட்டு நாற்காலியில் உட்கார வை. முழங்கால்களுக்கு நடுவே ஒரு குடையைக் கொடு, அதுதான் ஸ்டிக், விமானத்தைத் திருப்பும் பிடி. இடது கைப் பக்கம் ஒரு ஸ்டூல், அது த்ராட்டில், எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி. ஒரு போன் முகத்தைப் பிடிக்கட்டும். இன்னொன்றை இடப் பக்கம் தள்ளி வைத்து, கைகளும் பாதங்களும் தெரிகிற மாதிரி பார்த்துக்கொள். மின்விசிறியை நிறுத்திவிடு. ஜெட் இரைச்சலில் பல வருஷம் இருந்தவர்களுக்கு மெல்லிய, கீச்சென்ற சத்தங்கள்தான் முதலில் கேட்காமல் போகும். அதனால் கத்தாதே, எதிரில் உட்கார்ந்து தணிந்த குரலில் நிதானமாகக் கேள். முக்கால் மணி நேரம் போதும்.

பயிற்சி விமானம் எச்.டி.-2-லிருந்து ஆரம்பி. பொறியாளர் கட்டேஜ் வடிவமைத்து, 1951 ஆகஸ்ட் 5 அன்று முதலில் பறந்த, நம் ஊர் விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல். செய்த விமானம், 155 குதிரைத்திறன், வாலில் சின்னச் சக்கரம். "தரையைத் தொட்டதும் கால் என்ன செய்யும்?" என்று கேள். இந்த மாதிரி விமானத்தில் எடையின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும். மூக்கு கொஞ்சம் திரும்பினாலே வால் முந்தப் பார்க்கும், விட்டால் ஒரே சுற்று. மூக்கு திரும்புவது கண்ணுக்குத் தெரிந்த பிறகு பெடலை மிதித்தால் நேரம் கடந்துவிட்டது. அதனால் வேகம் அடங்கும்வரை கால்கள் சும்மா இருக்காது. கேட்டுப் பார், நாற்காலியிலேயே அவர் பாதங்கள் அசையும். அதற்காகத்தான் அந்த இரண்டாவது போன்.

அடுத்து ஹார்வர்ட் பயிற்சி விமானத்தில் ஸ்டார்ட் செய்யும் முன் நடந்ததைக் கேள். ஒன்பது சிலிண்டர் வட்டமாக நிற்கும் எஞ்சின் அது. நின்ற நேரத்தில் எண்ணெய் கசிந்து கீழ் சிலிண்டர்களில் தேங்கிவிடும். எண்ணெயை அழுத்தி அடக்க முடியாது. அப்படியே ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதனால் புரொப்பெல்லரை முதலில் கையால் சுற்றுவார்கள். முட்டி நின்றால் பலம் கொடுக்கக் கூடாது, பிளக்கைக் கழற்றி வடிக்க வேண்டும். யார் சுற்றினார்கள், காக்பிட்டில் இருந்தவர் என்ன குரல் கொடுத்தார் என்றெல்லாம் கேள். அந்த ஆங்கில வார்த்தைகளை அவர் சொன்னபடியே எழுது, தமிழாக்காதே.

நாட் (Gnat) போர் விமானத்தைப் பற்றி எல்லோரும் 1965 பாகிஸ்தான் போரைத்தான் கேட்பார்கள். நீ ஏர்பிரேக்கைக் கேள், பறக்கும்போதே வேகத்தைக் குறைக்கும் தடுப்பு அது. நாட்டில் என்று இல்லாமல் நாட் விமானத்தில் தனி ஏர்பிரேக் கிடையாது. சக்கரங்களையே பாதி இறக்கித்தான் வேகத்தைக் குறைப்பார்கள். ஸ்டிக்குக்கு பலம் கொடுக்கும் ஹைட்ராலிக்ஸ் (எண்ணெய் அழுத்தம்) போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு முழுப் பகலை ஒதுக்கலாம். ஸ்டிக் கனத்துவிடும், வால் பலகை எந்த நிலையில் நின்றுபோனது என்பதைப் பொறுத்துத்தான் மிச்சப் பாடு. அந்த டிரில்லை வரிசையாகச் சொல்லச் சொல். நடுவே பேசாதே, திருத்தாதே.

மிக்-21 வந்ததும் உன் எழுத்துப்படியில் ஒரு தப்பு இருக்கிறது. "செவன்டி-செவன்ல பறந்தப்போ" என்று அவர் சொன்னதை '1977-ல்' என்று எழுதியிருக்கிறாய். அது வருஷம் இல்லை, டைப் 77, அதாவது எஃப்.எல். மாடல். 'செவன்டி-ஃபைவ்' என்றால் பிஸ், 'நைன்டி-சிக்ஸ்' என்றால் எம்.எஃப். வேகத்திலும் இதே சிக்கல். நாட் விமானத்தில் வேகம் கடல் மைல் கணக்கு, மிக்கில் கிலோமீட்டர். "340-ல வந்தோம்" என்றால் மணிக்கு 340 கி.மீ., அதாவது ஏறக்குறைய 184 கடல் மைல். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எந்த விமானம் என்று குறித்துவிடு. பிரேக் பற்றியும் கேள்: மிக்கில் அது ஸ்டிக்கில் இருக்கும் லீவர், காற்றழுத்தத்தில் வேலை செய்யும். எந்தப் பக்கச் சக்கரத்துக்கு எவ்வளவு என்பதை பெடல் தீர்மானிக்கும்.

ஒரு நாள் எச்.ஏ.எல். மியூசியத்துக்குக் கூட்டிப்போய் அங்கே இருக்கும் மருத் போர் விமானத்தின் பக்கத்தில் நிறுத்து. போகும் வழியில் சுரஞ்சன் தாஸ் ரோடு வரும். 1961 ஜூன் 17 அன்று மருத்தை முதலில் ஓட்டிப் பறந்த சோதனை விமானி அவர். 1970 ஜனவரி 10 அன்று மருத் சோதனையிலேயே உயிரைவிட்டார். அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்துத் தாத்தா மௌனமானால் கேள்வி கேட்காதே. பதிவை மட்டும் நிறுத்தாதே. கூடப் படித்தவர்களில் யார் யார் போனார்கள் என்பதை அவராகச் சொல்லட்டும்.

தேதிக்கு லாக்புக்தான், அதாவது விமானியின் பறப்புக் குறிப்பேடுதான் ஆதாரம். தேதி, விமான எண், கூட இருந்தவர், வேலை, பகல், இரவு எல்லாம் தனித்தனிக் கட்டத்தில் இருக்கும். மாதக் கடைசிக் கூட்டலையும் விடாமல் ஒவ்வொரு பக்கத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் படமெடு, ஃபிளாஷ் வேண்டாம். கிழிந்த ஓரத்துக்கு செலோடேப் ஒட்டாதே. லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோகவே போகாதே.

அன்புடன்,
மாமா