வெட்டும் முன் அளந்து பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வண்டிக்கு வயதாகிவிட்டதே தவிர, இன்ஜின் பக்கம் யாரும் கன்னாபின்னாவென்று கை வைத்ததாகத் தெரியவில்லை. அதுவே பெரிய விஷயம். பழைய பிக்கப் டிரக் வாங்குகிறவர்களுக்கு, முன்னால் வைத்திருந்தவர் செய்த 'வேலை'யைக் கழற்றிச் சரிபண்ணுவதிலேயே பாதி உயிர் போய்விடும். இப்போது நீயே, மேட்டில் வண்டி இழுக்கவில்லை என்று, அந்தக் கறுப்பு ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டு, பளபளவென்று ஒரு குழாயும் கூம்பு ஃபில்டரும் மாட்டப்போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் என்று தடுக்கவில்லை. ஹாக்சா பிளேடைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு தடவை அளந்து பார் என்கிறேன்.

உன்னுடையது நான்கு லிட்டர் பெட்ரோல் இன்ஜின். ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை நான்கு லிட்டரும் நிரம்பும். 4000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 4000 சுற்றில், கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 8000 லிட்டர். முழுதாக நிரம்பாது, 80 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் 6400 லிட்டர் காற்று. பெட்டிக்குள் காற்று நுழையும் அந்தச் சின்ன மூக்கு வழியாக இவ்வளவா என்று யாருக்கும் தோன்றும். ஆனால் இந்தக் கணக்கு ஆக்சிலேட்டரை அடிவரை மிதிக்கும்போது மட்டும்தான். மற்ற நேரமெல்லாம், ஆக்சிலேட்டரோடு சேர்ந்து காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தட்டு பாதிக்கு மேல் மூடியேதான் இருக்கிறது. காற்றை மறிப்பது பெட்டி அல்ல, உன் கால். முன்னால் இருக்கும் தடையைக் குறைத்தால், அதே வேகத்தில் போக நீ தட்டை இன்னும் கொஞ்சம் மூடிக்கொள்வாய், அவ்வளவுதான்.

அதனால் மைலேஜ் கூடும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-இல் அடைத்துப்போன ஃபில்டரை மாட்டியே சோதித்தது. கம்ப்யூட்டர் பார்த்துப் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் மைலேஜ் சொல்லும்படி குறையவில்லை; வண்டி வேகம் எடுப்பதுதான் மந்தமானது. கார்புரேட்டர் வண்டி என்றால் கதை வேறு. உன்னுடையது இன்ஜெக்‌ஷன்.

சரி, உனக்கு வேண்டியது மேட்டில் இழுவை. அப்படியென்றால் பெட்டி எவ்வளவு காற்றைத் தடுக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய் மாதிரி உள்ளே இருப்பது தெரியும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் டியூப் போதும். ஒரு பலகையில் அதை 'ப'வடிவில் வளைத்துக் கட்டு. கால்கள் இரண்டும் ஒரு மீட்டர் உயரம் இருக்கட்டும். பாதிவரை தண்ணீர் ஊற்றி, ஒரு சொட்டு மை விடு. ஒரு முனையைத் திறந்து வை. மறு முனையை நீளமாக விட்டு, பானெட் ஓரத்து இடைவெளி வழியாக ஏர் பெட்டிவரை கொண்டுபோ. பானெட் மூடும்போது டியூப் நசுங்கக் கூடாது. அதைக் கவனிக்காவிட்டால் தண்ணீர் அசையவே அசையாது, பெட்டி பிரமாதம் என்று நினைத்துக்கொள்வாய்.

மூன்று இடத்தில் அளக்க வேண்டும். பெட்டிக்குள் ஃபில்டருக்கு முன் ஒன்று, ஃபில்டரைத் தாண்டியதும் ஒன்று, த்ராட்டிலுக்குச் சற்று முன்னால் ஒன்று. முதல் இரண்டுக்கும் பெட்டியைக் கழற்றி வெளியே எடுத்து, 5 மில்லிமீட்டர் துளை போட்டு, பிளாஸ்டிக் துருவலை நன்றாகக் கழுவிவிட்டு மாட்டு. அளந்து முடிந்ததும் ரப்பர் அடைப்பான் வைத்து இறுக்கமாக மூடிவிடலாம். மூன்றாவதுக்கு, இன்ஜினின் மேல்மூடியான வால்வு கவரிலிருந்து வரும் பிரீதர் ஹோஸ் (இன்ஜின் மூச்சுவிடும் சின்னக் குழாய்) சேரும் மூக்கையே பயன்படுத்து. அந்த நேரத்துக்கு மட்டும் வால்வு கவர்ப் பக்கத்தைச் சுத்தமான துணியால் கட்டி வை. அப்புறம் ஆளில்லாத மேட்டுச் சாலையில், ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்து ஆர்பிஎம் ஏறும் நேரத்தில், பக்கத்து சீட்டில் இருப்பவர் பலகையை நேராகப் பிடித்துக்கொண்டு ஃபோனில் வீடியோ எடுக்கட்டும். நீ பார்க்காதே, சாலையைப் பார்.

ஒரு கால் இறங்கும், மற்றது ஏறும். இரண்டு மட்டத்துக்கும் நடுவே உள்ள வித்தியாசம்தான் கணக்கு. தண்ணீர் முதலில் நின்ற மட்டத்திலிருந்து எவ்வளவு ஏறியது என்று பார்த்தால் பாதிதான் கிடைக்கும். 10 சென்டிமீட்டர் தண்ணீர் என்பது காற்றழுத்தத்தில் ஏறக்குறைய ஒரு சதவீதம். கடைசி இடத்தில் 20 சென்டிமீட்டர் காட்டினால், பெட்டி, ஃபில்டர், குழாய் எல்லாம் சேர்ந்து 2 சதவீதக் காற்றைத் தின்கின்றன. 150 குதிரைத்திறன் இன்ஜினில் மூன்று குதிரை. உலகத்திலேயே சிறந்த குழாயை மாட்டினாலும் அந்த மூன்றுக்கு மேல் வராது. 50 சென்டிமீட்டர் காட்டினால் வேலை செய்ய நியாயம் இருக்கிறது. எங்கே என்பதை மூன்று அளவுகளின் வித்தியாசமே சொல்லிவிடும். ஃபில்டரில் என்றால் புது ஃபில்டர். முன்பக்க மூக்கில் என்றால் அதே பெட்டிக்கு ஃபெண்டர் (முன்சக்கரத்துக்கு மேலே உள்ள தகடு) பக்கத்திலிருந்து இரண்டாவதாக ஒரு வழி கொடு. பெட்டியைத் தூக்கி எறிய வேண்டிய நிலைமை அபூர்வம்.

பெட்டிமேல் எனக்கு ஏன் இவ்வளவு பாசம் என்று நீ சிரிப்பாய். அது வெளியே இருக்கும் குளிர்ந்த காற்றை எடுக்கிறது, அதுதான் காரணம். கூம்பு ஃபில்டரை மறைப்பில்லாமல் பானெட்டுக்குள் வைத்தால், ரேடியேட்டரும் எக்சாஸ்ட்டும் சுட்டுத் தள்ளிய காற்றை இழுக்கும். 25 டிகிரிக் காற்றுக்குப் பதில் 60 டிகிரிக் காற்று போனால், அதே கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு காற்று குறைந்துவிடும். மூன்று குதிரையைப் பிடிக்கப் போய்ப் பதினைந்தை விட்ட கதை. சத்தம் மட்டும் கம்பீரமாக இருக்கும். பெட்டியோடு ஒட்டிய அந்த உப்பலான வெற்று அறை சத்தத்தை அடக்கத்தான் இருக்கிறது. அதை எடுத்தால் உறுமும், உறுமினால் வேகமாகப் போகிற மாதிரி இருக்கும்.

அளப்பதற்கும் முன்னால் இன்னொன்று பார். படத்தில் பெட்டிக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கிறதே, அதில்தான் எனக்குச் சந்தேகம். கழற்றி, இரண்டு கட்டைவிரலாலும் ஒவ்வொரு மடிப்பையும் விரித்துப் பார். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெடிப்பு அடிப்பக்க மடிப்பின் பள்ளத்தில் ஒளிந்திருக்கும். இன்ஜின் குலுங்கும்போது வாய் திறக்கும், நின்றதும் மூடிக்கொள்ளும். அந்த வெடிப்பு வழியாகப் போகும் காற்று, உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் கண்ணில் படாது. கம்ப்யூட்டர் அதற்குப் பெட்ரோல் கொடுக்காது. கலவையில் பெட்ரோல் வற்றி, ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது ஓடும் ஐடில் தடுமாறும், இழுவை குறையும். நீ சொல்லும் குறையில் பாதி இதுவாகவே இருக்கலாம்.

அந்த சென்சாரின் கூட்டை மட்டும் மாற்றாதே. அதன் விட்டத்தை வைத்துத்தான் உள்ளே இருக்கும் சூடான கம்பி காற்றைக் கணக்கிடுகிறது. பெரிய குழாயில் அதைப் பொருத்தினால் வரும் காற்றைக் குறைத்துக் காட்டும். அதற்கு முன்னால் உடனே ஒரு வளைவு வைத்தாலும் கணக்குப் பிசகும். முன்னால் இருக்கும் வலையைக் காற்றுத் தடை என்று பிய்க்காதே, காற்று நேராக வருவதற்குத்தான் அது. எண்ணெய் தடவும் துணி ஃபில்டரும் வேண்டாம். எண்ணெய் அதிகமானால் அந்தக் கம்பியில் போய்ப் படியும். சாதாரண பேப்பர் ஃபில்டர் போதும். கம்பியைச் சுத்தம் செய்ய அதற்கென்றே உள்ள ஸ்ப்ரே இருக்கிறது, விரலோ பஞ்சோ படக் கூடாது.

ஃபில்டரைத் தாண்டிய பக்கத்து உள்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார். சாம்பல் நிறக் கோடு விழுந்தால் ஓரம் சரியாக உட்காரவில்லை, தூசி சுற்றிக்கொண்டு போகிறது. பெட்டியின் கிளிப் வளைந்திருக்கலாம், விளிம்பு கோணியிருக்கலாம். மண்தூசி பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அரைத்துத் தள்ளிவிடும், இன்ஜின் எண்ணெய் குடிக்க ஆரம்பிக்கும். இரண்டு குதிரை குறைந்தாலும் பரவாயில்லை, இதில் விட்டுக்கொடுக்காதே.

எல்லாம் பார்த்தும் குழாய் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், தண்ணீர்க் குழாய்க்கான பிவிசியைத் தொடாதே. பானெட் சூட்டில் இளகி, உறிஞ்சும்போது சப்பிவிடும். அலுமினியம் போடு, இரண்டு முனையிலும் சிலிக்கான் ஹோஸ் வேண்டும். இன்ஜின் அதைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்களின் மேல் ஆடும், பெட்டி ஆடாது. நடுவே நெகிழ்வு இல்லையென்றால் எங்காவது பிளக்கும். காற்று வாயைப் பழைய உயரத்துக்குக் கீழே இறக்காதே. தண்ணீர் தேங்கிய சாலையில் ஒரு மடக்குக் குடித்தால் போதும்; தண்ணீரை அமுக்க முடியாது, பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். கழற்றியதும் த்ராட்டில் வாயைத் துணியால் அடைத்து, அந்தத் துணியில் ஒரு நூலைக் கட்டி வெளியே தொங்கவிடு. புகைச் சோதனை விதியில் இந்த மாற்றத்துக்கு இடமுண்டா என்றும் முதலிலேயே கேட்டுக்கொள்.

ரப்பர் குழாயைப் பார்த்ததும் எழுது. மூன்று அளவுகளையும் அனுப்பு, உட்கார்ந்து கணக்குப் பார்த்துச் சொல்கிறேன். இரண்டாவது படத்தில் வால்வு கவரின் பின்மூலை ஈரமாகத் தெரிந்தது. கேஸ்கெட் கசிவா, யாராவது எண்ணெய் ஊற்றும்போது சிந்தியதா என்று துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார். அம்மா உன்னை பேட்டரி வயரைக் கழற்றாமல் எதிலும் கை வைக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா