பலா அலுமாரிக்குப் பொருத்தமாக ஒரு கட்டில்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த படுக்கையறைக் கட்டுரையில், கட்டில், அலுமாரி, கண்ணாடி மேசை எல்லாவற்றையும் ஒரே செட்டாக வாங்கினால்தான் அறை அழகாக இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு மனம் கேட்கவில்லை.

அம்மாவின் கல்யாணத்துக்குத் தாத்தா செய்து கொடுத்த பலாமர அலுமாரி எங்கள் வீட்டில் இருக்கிறது. மேல் விளிம்பில் மெல்லிய வளைவு, கடைந்த கால்கள். ஆறு வருடத்துக்கு முன் தவணைக்கு ஒரு சிப்போர்ட் கட்டில் வாங்கினோம். கொட்டகலை மழையில் ஓரமெல்லாம் ஊறி உப்பிவிட்டது. கடைசித் தவணை கட்டும்போது ஒரு பக்கத்தைச் செங்கல்தான் தாங்கிக்கொண்டிருந்தது.

இந்தத் தடவை பக்கத்துத் தோட்டத்துத் தச்சு பாஸைக் கூப்பிட்டேன். மரப் பேச்சே எடுக்காமல், சோக்கட்டியால் தரையில் ஐந்தடிக்கு ஆறேகால் அடி மெத்தை அளவைக் கீறினார். அதற்கு வெளியே கால்மாட்டுப் பலகைக்கும் ஒரு கோடு. அலுமாரிக் கதவைத் திறந்தால் அந்தக் கோட்டில் இடித்தது. "டீச்சர், கால்மாட்டுப் பலகை வேணாம், சட்டத்தோட நிறுத்திருவோம்" என்றார்.

அப்புறம் பழைய பத்திரிகைத் தாளை அலுமாரியின் மேல் விளிம்பில் வைத்து வளைவைப் பென்சிலால் எடுத்தார். அதையே ஐந்தடி அகலத்துக்கு விரித்துத் தலைமாட்டை வெட்டினார். கொடி, பூ எதுவும் செதுக்கவில்லை. அலுமாரியில் இல்லாதது கட்டிலுக்கு எதற்கு? தலைமாட்டுப் பலகையைச் சட்டத்தில் வெட்டிய காடிக்குள், அதாவது நீளப் பள்ளத்துக்குள், பசை போடாமல் செருகினார். மரம் குறுக்கில்தான் ஊறும், சுருங்கும். ஜூலை மழையில் பலகை விரிய இடம் வேண்டும். பக்கச் சட்டங்களுக்குக் கழற்றி மாட்டும்படி போல்ட். எங்கள் வாசலில் முழுக்கட்டில் நுழையாது.

மரம் கினிகத்தேனைப் பக்கமிருந்து வந்தது. பலாமரம் வெட்ட 1951 ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். அந்தக் கடிதத்தைப் பார்த்த பிறகே முற்பணம் கொடுத்தேன்.

நிறத்தில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். அலுமாரி நல்ல கபிலம், புதுப் பலா மஞ்சள். சாயம் பூசி ஒன்றாக்குங்கள் என்றேன். மறுத்துவிட்டார். பலா வருடம் போகப் போகத் தானே கபிலமாகும், இப்போதே சாயம் ஏற்றினால் பிறகு கட்டில் அலுமாரியைவிடக் கறுத்துவிடும் என்றார். ஒரு பலாத் துண்டில் பாதியை மூடி ஜன்னலோரம் வைக்கச் சொன்னார். சில வாரத்தில் மூடாத பாதி தேன் நிறத்துக்கு வந்திருந்தது. சரி, நிறமில்லாத வார்னிஷ் மட்டும் அடியுங்கள் என்றேன். இப்போது வருகிறவர்கள் கட்டில் ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று கேட்கிறார்கள். நான் அந்தத் துண்டை எடுத்துக் காட்டுகிறேன்.

உங்கள் ஞாயிறு பக்கத்துக்காக அடுத்த தடவை இப்படியான பாஸ்மாரிடமும் போய்க் கேட்டு, அளவுகளோடு எழுதுங்கள். செட் வாங்குவதற்காக இங்கே பலர் பழைய தளபாடங்களை வந்த விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். போன மாதம் எங்கள் தெருவிலிருந்தே ஒரு பலா அலுமாரி லொறியில் போனது. கதவுக் கண்ணாடிகூட உடையவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கொட்டகலை.