குடியிருப்போர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது, சித்திரையைத் தவிர. அழகர் ஆற்றில் இறங்கும் சமயத்தில் மதுரையில் யாரைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவது? குப்பையைத் தரம் பிரிப்பதில் கடைசித் தெருக்காரர்கள் இன்னும் ஒத்துழைக்கவில்லை. இதே வரியைப் போன வருடமும் வாசித்தேன். சந்தா பாக்கிப் பட்டியல் வாசலில் ஒட்டியிருக்கிறது. சண்டைக்கு என்னிடம் வர வேண்டாம், பொருளாளரைப் பாருங்கள்.

இந்த ஆண்டு நம் துணைத் தலைவர் அக்காவை இழந்தோம். இரங்கல் தீர்மானம் தனியாக வருகிறது. அதில் வராத சிலவற்றை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

எல்லாரும் மனுவை எழுதிக் கொடுப்பார்கள். அக்கா வரைந்து கொடுப்பார். ஐப்பசி மழையில் குடையோடு தெருமுனையில் நின்று, தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த வீட்டுப் படிவரை ஏறுகிறது, எந்த மேன்ஹோல் பொங்குகிறது என்று பார்த்து, கறுப்பு மையில் தெருவையே தாளுக்குக் கொண்டுவந்துவிடுவார். ஓரத்தில் நனைந்த நாய் ஒன்றும் நிற்கும். "எழுத்தைப் படிக்காமத் தூக்கி வச்சிருவாங்க. படத்தைப் பார்க்காம இருக்க முடியாதுல்ல?" என்பார். மனுக்களுக்கு அசையாத வடிகால் வேலை அந்தப் படத்துக்குப் பிறகுதான் அசைந்தது. வாட்டம் எந்தப் பக்கம் என்று வேலைக்கு வந்தவர்களும் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

மாநகராட்சியின் 100 வார்டுகளில் பாதி பெண்களுக்கு. 2022 தேர்தலில் நிற்கச் சொல்லி நாமெல்லாம் அவர் வீட்டுக்குப் போனோம். காபி கொடுத்துவிட்டு, "ஜெயிச்சுட்டா அப்புறம் நான் யார்கிட்ட மனு கொடுக்கிறது?" என்று அனுப்பிவிட்டார்.

கணவர் மில்லில் ஷிப்டு வேலை. மூன்று பிள்ளைகள். மாமியார் பல வருடம் படுத்த படுக்கை. முகம் வரையப் பழகியதே அவரை வைத்துத்தானாம்: "அவங்கதான் அசையாம இருப்பாங்க" என்று சிரிக்காமல் சொல்வார். ஒரு பக்கம் எழுதிய பழைய தாள்களைக் கணவர் கொண்டுவந்து கொடுக்க, அடுப்படி வேலை முடிந்த பிறகு மறுபக்கத்தில் படம். பிள்ளைகள் அ, ஆ எழுதியதும் அதே தாள்களின் ஓரத்தில்தான் என்று மூத்த மகள் சொன்னார்.

அக்காவுக்குப் பிடிவாதமும் உண்டு. மார்கழிக் கோலப் போட்டிக்கு நடுவராகப் போட்டால், கலர்ப் பொடி கொட்டியதற்குப் பரிசே கிடையாது. புள்ளியும் இழையும்தான் கணக்கு. இதனால் இரண்டு வீட்டார் சங்கத்துக்கு வருவதையே நிறுத்தினார்கள். சுங்குடிச் சேலையிலும் அப்படித்தான். நூலால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்ததா, மெழுகு அச்சா என்று துணியைத் தடவியே சொல்லிவிடுவார். 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது கூட்டத்தில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார். நவராத்திரிக்கு முன் விளாச்சேரிக்குப் போய்ப் பொம்மை வாங்கி, கண் மட்டும் தானே திருத்தி எழுதுவார்.

ஆனால் அவர் அதிகம் வரைந்தது நம் தெப்பக்குளத்தை. திருமலை நாயக்கர் 1645இல் வெட்டிய குளம், நம் காலத்தில் பல வருடம் பையன்கள் கிரிக்கெட் ஆடும் மைதானமாகக் கிடந்தது. தண்ணீர் இல்லாத வருடங்களில் தைத் திருவிழாவுக்கு, மிதக்காமல் ஒரே இடத்தில் நிற்கும் நிலைத்தெப்பம்தான். அந்த வருடங்களில் வரைந்த படங்களில் மைய மண்டபத்தை மேலே வரைந்து, கீழ்ப்பாதித் தாளை வெறுமனே விட்டிருக்கிறார். வைகைத் தண்ணீர் பனையூர்க் கால்வாய் வழியாக வந்து குளம் நிரம்பிய பிறகு வரைந்தவற்றில், கீழே மண்டபம் தலைகீழாக நெளிகிறது, வடம் பிடிப்பவர்களின் கால்களோடு. கால்வாயைச் சுத்தம் செய்யக் கேட்டுக் கையெழுத்து வாங்க, முழங்கால் வலியோடு மாடி மாடியாக ஏறியவர் அவர். படத்தை முடிப்பதற்காகத்தான் ஏறினாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

படங்களை எல்லாம் பிள்ளைகள் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூட்ட அறையில் மாட்டலாம் என்பது செயற்குழுவின் யோசனை. செலவு அதிகம், லேமினேஷன் போதும் என்கிறார் பொருளாளர். லேமினேஷன் செய்தால் மை வீணாகிவிடும் என்பது என் கருத்து. இன்று கைதூக்கி முடிவு செய்துவிடுவோம். வடிகால் படத்தை மட்டும் மாட்ட வேண்டாம். அடுத்த மழைக்குத் தேவைப்படும், கோப்பிலேயே இருக்கட்டும்.

துணைத் தலைவர் பொறுப்புக்குப் பெண் உறுப்பினர்கள் யாராவது முன்வரலாம். படம் வரையத் தெரிய வேண்டும் என்று விதி இல்லை. பெயர்களைக் காபி இடைவேளைக்குள் என்னிடம் கொடுக்கவும்.